அக்காவின் ஆட்டோவுக்கு ஒரு சாக்கெட்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னது நான்தான். அவள் என்னைக் கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பும் மாலை ரயிலில் மாலூர் வரைக்கும் உட்கார இடம் கிடைக்காது. நிற்கிற நேரத்துக்கு ஏதாவது பேசியாக வேண்டும். அன்றைக்கு என் கைபேசிக்கு வந்திருந்த வரைபடத்தை நானாகவே எடுத்துக் காட்டினேன்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையங்களைக் கட்டித் தரும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசர். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒரே லைனில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல இருக்கும். விடிவதற்கு முன் அவள் என் கதவைத் தட்டுவாள். ஒன்றாக ரயில் ஏறி, ஒன்றாகத் திரும்புவோம். நான் பத்து வருடமாக, அவள் பதினான்கு வருடமாக.

வரைபடத்தில் வெள்ளைக் கூரையின் கீழ் நான்கு கார்கள் நின்றன. ஓரத்தில் செடிகள். ஒரு பெண் கையில் காப்பிக் கோப்பையுடன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாடி, பெட்ரோல் பங்க்கா?"

"பங்க்குதான். பெட்ரோலுக்குப் பதிலா கரெண்டு. நம்ம ஊர்லதான் வருது. ஆண்டர்சன்பேட்டை போற ரோட்ல."

"மெய்யாலுமா?"

"நான்தான் சூப்பர்வைசர். அடுத்த மாசத்திலேர்ந்து எனக்கு அங்கதான் வேலை. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அக்கா கைபேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள், இரண்டுமே பள்ளியில். வீட்டுக்காரர் பெங்களூரிலேயே தங்கி பெயிண்ட் வேலை. வாரம் ஒரு நாள் வருவார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தே பல வருடம் ஆயிற்று என்று அடிக்கடி சொல்வாள்.

"அப்போ கரெண்டு ஆட்டோ வாங்கினா இங்க சார்ஜ் போட்டுக்கலாமா?"

"தாராளமா," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் என்னால் சரியாக விழுங்க முடியவில்லை.

மார்ச்சில் சைட்டுக்கு வந்துவிட்டேன். தகரம் அடித்து மனையை மறைத்தோம். அங்கேயே வேலை நின்றது. நிலத்தின் சொந்தக்காரர் ஒரு கடிதம் கேட்டார். கனமான டிரான்ஸ்பார்மர் வைக்கப்போகிற இடம். கீழே பழைய சுரங்கப் பாதை எதுவும் ஓடவில்லை என்று எழுத்தில் வேண்டும் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் தரைக்குக் கீழே எத்தனை வழி போகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் தர வேண்டிய சுரங்க அலுவலகத்துக்காரர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, எங்கள் மனையை அதன் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். "இந்த வாரம் ஆய்டும் மேடம்" என்றார்கள். ஒவ்வொரு வாரமும் அதே குரலில், அதே மரியாதையோடு சொன்னார்கள்.

சுரங்கத்தில் வேலை பார்த்த பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் நடைப்பயிற்சிக்கு அந்த வழியாக வருவார்கள். ஒருவர் தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்து, "இங்க கீழ சுரங்க லெவலே கெடையாது மேடம். தாராளமா கட்டுங்க" என்பார். மற்றவர் உடனே, "யார் சொன்னது? நான் ஷிப்ட் பார்த்த லெவல் நேரா இதுக்குக் கீழதான் வருது" என்பார். தர்க்கம் செய்துகொண்டே போய்விடுவார்கள். நான் காலியான மனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு உட்காரத் தெரியவில்லை. பத்து வருடம் ஓடிய உடம்பு. நாலேகாலுக்கு விழிப்பு வந்துவிடும். ரயில் சத்தம் கேட்டதும் கால் தானாகச் செருப்பைத் தேடும். போக வேண்டியதில்லை என்று நினைவு வந்த பிறகும் படுக்க முடியாது. வீட்டைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, ஆறரைக்கெல்லாம் சைட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பேன். திறந்து என்ன? மனையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அளந்து நடப்பேன். கையில் டேப் இருந்தால் வேலை செய்வதுபோல இருக்கும் என்று, ஏற்கெனவே அளந்த நீளத்தையே மறுபடி அளந்திருக்கிறேன்.

ஆட்டோ ஓட்டுவதென்று முடிவுகட்டி அக்கா ஏப்ரலிலேயே கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டாள். ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, மே கடைசியில் வண்டி வந்தது. பச்சை நிற மின்சார ஆட்டோ. புத்த விகாரைக்கு முன்னால் நிறுத்தி, மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, முதல் சவாரியாக என்னைத்தான் ஏற்றினாள். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் பங்க்குக்கு உடட்டுமா?" என்றாள்.

"அது இன்னும் ஆரம்பிக்கலக்கா."

"ஜூன்னு சொன்னியே."

"லெட்டர் வரணும். வந்தா மடமடன்னு முடிச்சிடலாம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

ஜூன் வந்தது, பள்ளி திறந்தது. அக்காவுக்கு எட்டுப் பிள்ளைகள் வாடிக்கையாகக் கிடைத்தார்கள். காலையில் பள்ளி நடை, அப்புறம் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள், மதியம் மறுபடி பள்ளி. சார்ஜ் மட்டும் வீட்டில்தான். எங்கள் லைன் வீடுகளின் வயரிங் பல்புக்கும் மின்விசிறிக்கும் போட்டது. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து அக்கா வண்டியில் செருகினால், என் வீட்டு விளக்கு மங்கும். அடுத்த வீட்டில் மிக்ஸி சுற்றாது. ஒரு நாள் பியூஸ் போய் லைன் முழுக்க இருட்டாகி, நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்து அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஏணி வைத்து ஏறி பியூஸ் போட்டேன். கீழே ஒரு பெண்மணி கேட்டார்: "இன்னாம்மா, உங்க பங்க்கு எப்போ தொறப்பீங்க? எங்களுக்கு இது பேஜாரா கீது."

கடிதம் ஜூன் கடைசியில் வந்தது. கீழே எதுவும் இல்லையாம். அன்றைக்கே பொக்லைனை வரவழைத்தேன். இரண்டாம் நாள் பள்ளம் தோண்டும்போது ஒரு பழைய இரும்புக் குழாய் குறுக்கே வந்தது. யாருடையது, உயிருள்ளதா செத்ததா என்று கேட்டு எழுதி, செத்ததுதான் என்று பதில் வாங்கி அறுத்தெடுக்க மூன்று வாரம். பிறகு எர்த் குழி. சார்ஜர்களுக்கு எர்த் சரியாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைத் தொடுகிற ஆளுக்கு ஆபத்து. எங்கள் தரையில் மூன்றடி போனால் பாறை. கம்பியை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மீட்டர் வைத்தால், காட்ட வேண்டிய அளவுக்கு இறங்கவே இல்லை. இடம் மாற்றித் தோண்டினோம். மறுபடி பாறை. கடைசியில் மனையின் பின்பக்கம், சாக்கடை ஓடும் தாழ்வான இடத்தில் மண் கிடைத்தது. அங்கே குழி போட்டு, இரும்புப் பட்டையால் இணைத்து, மீட்டர் இறங்கியபோது ஆகஸ்ட் முடிந்திருந்தது.

மேனேஜர் தினமும் போன் செய்வார். "இன்னைக்கு என்ன முடிஞ்சது?" தினமும் ஏதோ ஒன்று சொல்வேன். போனை வைத்தபின், சொன்னதில் எது முடிந்த வேலை, எது முடியப்போகும் வேலை என்று எனக்கே பிரியாது.

செப்டம்பரில் சார்ஜர்கள் பெட்டியில் வந்து இறங்கின. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்பார்மர் மட்டும் வரவில்லை. செய்து தருகிற கம்பெனியில் வரிசை நீளம் என்றார்கள். ஆனாலும் பெட்டிகள் வந்ததில் எனக்குச் சந்தோஷம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று. ஒரு பெட்டியைப் பிரித்துக் கூரையின் கீழ் நிறுத்தினோம். அக்காவுக்குப் போன் செய்து, "வந்து பாருக்கா" என்றேன்.

மதியச் சவாரிக்கு முன்னால் வந்தாள். எனக்குச் சாப்பாட்டுக் கேரியரும் கொண்டுவந்திருந்தாள். பீரோ உயரத்துக்கு நிற்கிற சார்ஜரைச் சுற்றி வந்தாள். அதன் பக்கத்தில் மாட்டியிருந்த கனமான வயரையும் அதன் நுனியில் இருந்த துப்பாக்கி போன்ற பிடியையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முன்னால் வட்டமாக ஓட்டைகள். அதற்குக் கீழே இரண்டு பெரிய ஓட்டைகள்.

"இது என் வண்டில எங்கடி போவும்?"

நான் சிரித்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு பிடியை வாங்கி நானும் திருப்பிப் பார்த்தேன்.

அக்கா ஆட்டோவின் சீட்டைத் தூக்கி, உள்ளே சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்து வந்தாள். அதன் நுனியில் மூன்று முள்ளுள்ள பிளக். வீட்டில் கிரைண்டருக்குப் போடுகிற பெரிய பிளக்.

"இத்த எங்க சொருகறது? காட்டு."

சுற்றிலும் பார்த்தேன். நான்கு சார்ஜர்கள், மூன்று இன்னும் பெட்டியில். எட்டுத் துப்பாக்கிகள். எல்லாமே காருக்கு. காவலாளி அறையில் மின்விசிறிக்கான சின்ன பிளக் பாயிண்ட் ஒன்று உண்டு. அதை விட்டால் மனை முழுக்க ஒரு சாக்கெட் கிடையாது. அந்த வரைபடத்தை நூறு தடவை திறந்திருப்பேன். கம்பியின் கனம் தெரியும், தூணின் உயரம் தெரியும், எந்தப் பள்ளம் எத்தனை அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆட்டோ எங்கே என்று ஒரு நாளும் தேடியதில்லை.

"அக்கா..."

"நீ இன்னா படிச்ச?" என்றாள். கோபமாகக் கூட இல்லை. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோலத்தான் இருந்தது. வயரைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்தாள். கேரியரை நாற்காலியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஒட்டின வீடு, சுவர் வழியாக அவள் குரல் கேட்கும். பிள்ளைகளை அதட்டுவாள், போனில் சிரிப்பாள். நான் வாசலுக்கு வந்தால் உள்ளே போய்விடுவாள். பத்து நாள் இப்படிப் போயிற்று. ஒரு மாலை பென்ஷன்காரர் ஒருவர் சைட்டுக்கு வந்து சொன்னார்: "உங்க அக்கா வண்டி சார்ஜ் தீந்து ஊரிகம் மேட்ல நின்னுடுச்சாம். மார்க்கெட்லேர்ந்து வந்த ரெண்டு பொம்பளைங்க எறங்கி தள்ளினு வந்தாங்க. மழை வேற." அன்றைக்குக் காலை முழுக்க மின்வெட்டு. அக்கா பாதிச் சார்ஜோடு கிளம்பியிருக்கிறாள். ஓடிப்போய்த் தள்ளியிருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த நாள் காலை ரயிலில் நானே பெங்களூர் அலுவலகத்துக்குப் போனேன். வரைபடம் போட்ட டிசைனரை அதுவரை போனில் மட்டும்தான் பேசித் தெரியும். சின்ன வயது, நல்ல பிள்ளை. எழுந்து நாற்காலி போட்டார். கன்னடத்தில் பேசினோம்.

"ஆட்டோவுக்கு எங்கே சாக்கெட்?" என்று கேட்டேன்.

"மேடம், இது ஹைவேக்காகப் போட்ட வரைபடம். எல்லா ஊருக்கும் இதையேதான் கொடுக்கிறோம். நேரம் மிச்சம்."

"எங்கள் ஊர் ஹைவேயில் இல்லை."

அவர் கணினியில் வரைபடத்தை நகர்த்திப் பார்த்தார். "இப்போது மாற்ற முடியாது, டிராயிங் ஃப்ரீஸ் ஆகிவிட்டது, இனி யாரும் அதைத் தொடக் கூடாது" என்றார்.

"டிரான்ஸ்பார்மரே வரவில்லை. இன்னும் நாலு மாதமோ ஆறு மாதமோ. ஃப்ரீஸ் ஆனது காகிதம்தானே?"

"சரி, எத்தனை ஆட்டோ மேடம் அந்த ஊரில்? எலக்ட்ரிக் ஆட்டோ? என்ன பிளக்? எவ்வளவு நேரம் நிற்கும்? எல்லாவற்றையும் எழுதி ஒரு லோடு ஷீட் கொடுங்கள், மேலே பேசுகிறேன்."

எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில்தான் இன்னொன்று உறைத்தது. பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டியது காருக்கு. ஆட்டோவுக்குக் கிரைண்டர் ஓடுகிற மின்சாரம் போதும். அதற்குச் சாதாரண இணைப்பே வாங்கிவிடலாம். சில வாரத்து வேலை. டிரான்ஸ்பார்மர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். எர்த் தயார். கூரை தயார். ஆட்டோ பக்கத்தை முதலில் திறந்துவிடலாம். பங்காரப்பேட்டையில் ரயில் ரொம்ப நேரம் நின்றது. எனக்கு இறங்கி நடந்தே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு மேடம் நோட்டும் பேனாவுமாக வந்து வண்டியைப் பற்றி விசாரித்தால் யார் பேசுவார்கள்? ஏதோ அபராதம் என்று நினைத்து நழுவினார்கள். அக்கா வரிசையில் நாலாவதாக நின்றிருந்தாள், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"யார்கிட்ட எந்த பிளக்குன்னு தெரியணும்கா. தெரிஞ்சா சாக்கெட் வெக்க வெப்பேன்."

"மறுபடியும் வாக்கு குடுக்கறியா?"

"இல்ல. கேட்டுப் பாக்கறேன்னு சொல்றேன். அவ்ளோதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக் கதவுக்கு அடியில், பெண்ணின் ரூல்டு நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள் கிடந்தன. ஒவ்வொரு மின்சார ஆட்டோவும், எந்தப் பேட்டை, என்ன பிளக், எங்கே சார்ஜ் போடுகிறார்கள், எத்தனை மணி நேரம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். ஒருவர் மாவு மில்லில் கெஞ்சிச் சார்ஜ் போடுகிறார். இன்னொருவர் சர்ச் கூடத்துக்குப் பின்னால். ஒருவர் வாங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசித் தாளின் அடியில் ஒரு வரி: 'இது உனக்கோசரம் இல்ல. ஸ்டாண்டுக்கோசரம்.'

அந்தத் தாள்களைப் படம் எடுத்து டிசைனருக்கு அனுப்பினேன். அவர் என்ன நினைத்தாரோ, அந்த வாரமே காரில் கிளம்பி வந்தார். எங்கள் ஊருக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. மனையில் நின்று, சுற்றி நடந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்; வந்தாள்.

"சார், இந்த எடத்துல ஆட்டோ திரும்பாது," என்று ஆரம்பித்தாள். அவரோடு அவள் பேசிய கன்னடத்தில் பாதி தமிழ் கலந்திருந்தது, அவருக்குப் புரிந்தது. "தூணு நடுவுல கீது. காருன்னா நேரா வந்து நேரா போவும். நாங்க பத்து வண்டி ஒரே நேரத்துல வருவோம், மதியம் பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும். அப்பத்தான் ஸ்கூல் சவாரி இல்ல. இந்தப் பக்கம் செவுத்தோரமா வரிசையா போர்டு வெச்சா போதும்."

அவர் குறித்துக்கொண்டார்.

"கூரை இம்மா ஒசரம் எதுக்கு? மழை சாய்வா அடிச்சா பிளக்கெல்லாம் நனையும். கைய வெச்சா ஷாக் அடிக்காதா?"

"அடிக்காது, ஆனால் நீங்கள் சொல்வது சரி. தாழ்வாக ஒரு கூரை போடலாம்," என்றார்.

"அப்பால, மூணு மணி நேரம் நிக்கணும்னா பொம்பளை எங்க போவா?"

டிசைனர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் அதை யோசித்ததில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் அதே மனையில் வேலை பார்த்தவள். அவசரத்துக்கு வீட்டுக்கு ஓடிப் பழகியவள்.

"டாய்லெட் இந்தத் திட்டத்தில் இல்லை," என்றார் தயக்கத்தோடு. "காவலாளிக்கு மட்டும் ஒன்று இருக்கிறது. அதன் கதவு பின்பக்கம், அவர் அறை வழியாக."

அக்கா வண்டியில் ஏறினாள். மதியச் சவாரிக்கு நேரமாகிவிட்டது.

மேனேஜரிடம் நான் பேசினேன், டிசைனர் பேசினார். பாதி நிலையத்தைத் திறந்தால் பார்க்க அசிங்கம் என்று முதலில் மறுத்தார்கள். நிலத்தின் சொந்தக்காரர்தான் எங்களுக்கு உதவினார், தெரியாமலேயே: இத்தனை மாதமாகியும் மனையில் ஒரு வண்டிகூட நிற்கவில்லையே என்று அவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டார். அடுத்த நாளே அனுமதி வந்தது. சுவரோரம் பத்து சாக்கெட். தாழ்வான தகரக் கூரை. ஒரு சிமெண்ட் பெஞ்ச். டாய்லெட்டைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அதை நானே செய்தேன். கொத்தனார் கதவைப் பதிக்க வந்த அன்று, காவலாளி அறைப் பக்கத்து வாசலை அடைத்துவிட்டு, ஆட்டோ நிற்கும் பக்கம் வாசல் வைக்கச் சொன்னேன். "டிராயிங்ல அப்படி இல்லியே மேடம்" என்றார். "டிராயிங் மாறிடுச்சு" என்றேன். உண்மையில் மாறவில்லை. இன்றைக்கும் அலுவலகத்தில் இருக்கும் வரைபடத்தில் அந்தக் கதவு பின்பக்கம்தான் இருக்கிறது.

டிசம்பரில், ஒரு புதன்கிழமை, ரிப்பன் எதுவும் இல்லாமல் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தேன். ஸ்டாண்டில் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மூன்று. மாவு மில்லில் கெஞ்சிக்கொண்டிருந்தவர் பிளக்கைச் செருகிவிட்டு, பச்சை விளக்கு எரிவதை நின்று பார்த்தார். அக்கா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வாசலையே பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. ஜன்னல் வழியாக வயரை இழுத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் வீட்டு விளக்கு மங்குவதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து வந்தாள். கடைசி சாக்கெட்டுக்கு நேராக வண்டியை நிறுத்தி, செருகி, பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்கா இத்தினி நாள் வரல?"

"எல்லாருக்கும் சரியா ஏறுதான்னு பாத்துட்டு வரலாம்னு இருந்தேன். உன்ன நம்பி மொதல்ல வந்தவ நான். இந்த வாட்டி கடைசியா வரேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கவனிக்காததுபோல எழுந்து டாய்லெட் பக்கம் போனாள். வெளியே வந்து கதவை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். "தாப்பா சரியா விழல. மாத்து" என்றாள். அன்று சாயங்காலமே மாற்றினேன்.

டிரான்ஸ்பார்மர் ஏப்ரலில் வந்தது. கார் பக்கம் மே மாதம் திறந்தது. அதற்கு ரிப்பன், பூ, இனிப்பு எல்லாம் உண்டு. மேனேஜர் வந்து என் கையைக் குலுக்கி, சீக்கிரம் முடித்துவிட்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் அக்காவைத் தேடினேன்; அவள் மார்க்கெட் சவாரியில் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒப்படைப்பு வேலைக்காக அங்கேயே இருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்காலியில் இருக்க முடியாது. ஒவ்வொரு சாக்கெட்டாகத் தொட்டுச் சூடு பார்ப்பேன், எர்த் மீட்டரை வைத்து மறுபடி பார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். சரியாக இருப்பது எனக்குப் போதுவதில்லை. அடுத்து எங்கே தப்பு விட்டிருக்கிறேன் என்று மனம் தோண்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மதியம் பெரிய கார் ஒன்று வந்து, கார் பக்கத்து உயரக் கூரைக்குள் வெயில் அடிக்கிறது என்று, ஆட்டோ வரிசையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. காரில் வந்தவர் இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிட்டார். மூன்று ஆட்டோக்கள் வெளியே நின்றன. நான் காவலாளி அறையிலிருந்து எழுந்து வந்தேன். பேச வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்: ஐயா, தயவுசெய்து, விதிமுறைப்படி. அதற்குள் அக்கா வண்டியைவிட்டு இறங்கிப் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், எடுங்க. இது எங்க லைன்."

அவர் ஏதோ சொன்னார். போர்டு எங்கே என்று கேட்டார் போல.

"போர்டு வெக்கல. நான் சொல்றேன் இல்ல, எடுங்க. உங்க பிளக்கு இதுல போவாது சார். வேணும்னா போட்டுப் பாருங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கார் பின்வாங்கியது. அக்கா திரும்பி என் பக்கம் பார்த்து, "போர்டு ஒண்ணு எழுதி மாட்டுடி, டெய்லி இதே வேலையா எனக்கு?" என்று கத்தினாள். நான் பெயிண்ட் வாங்க ஆண்டர்சன்பேட்டைக்குக் கிளம்பினேன். நடந்துதான் போனேன். அவள் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.